நிறத்தை விடுங்கள், முனையைப் பாருங்கள்: கண்ணாடிக் கோலிகளை இனம் காண ஒரு தொடக்கம்

ஒரு பிடி கோலிக்குண்டுகளை மேசையில் கொட்டினால் கண் நேராக நிறத்துக்குத்தான் ஓடும். சிவப்பும் மஞ்சளும் பின்னிக் கிடக்கும் குண்டு ஒன்று கண்ணில் பட்டதுமே, இது ரொம்பப் பழையதாக இருக்குமோ என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். கோலி சேகரிக்க வருகிறவர்கள் முதலில் விட வேண்டிய பழக்கம் இது. நிறத்தை யார் வேண்டுமானாலும் எந்தக் காலத்திலும் கலக்கலாம். நூறு வருடம் முன்பு ஒரு பட்டறை கலந்த நீலத்தைப் போன வாரம் ஒரு தொழிற்சாலையும் கலந்திருக்க முடியும். ஆனால் கண்ணாடிக் குழம்பை எப்படி எடுத்தார்கள், எங்கே வெட்டினார்கள், எதில் போட்டு உருட்டினார்கள் என்பதெல்லாம் கோலியின் மேல் தழும்பாகப் பதிந்துவிடும். அந்தத் தழும்பைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கம்பெனிப் பெயர், அரிதா எளிதா, விலை போகுமா என்ற கேள்விகளெல்லாம் அதற்கப்புறம்.

வேண்டிய சாமான்கள் அதிகமில்லை. 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ், ஒரு வெர்னியர் காலிப்பர், நல்ல மேசை விளக்கு, குண்டு உருண்டு ஓடாமலிருக்க விரித்துக்கொள்ள ஒரு துணி. லென்ஸைக் கண்ணோடு ஒட்டப் பிடித்துக்கொண்டு கோலியை அதன் கிட்டே கொண்டுவாருங்கள். விளக்கொளியில் மெல்லத் திருப்பிக்கொண்டே இருங்கள். மேலே ஓடும் பளபளப்பு எந்த இடத்தில் மங்குகிறது, எந்த இடத்தில் நெளிகிறது என்று கவனிப்பதுதான் வித்தை.

முதல் கேள்வி: கையா, இயந்திரமா?

19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து முதல் உலகப் போர் வரை கண்ணாடிக் கோலி என்றால் அது பெரும்பாலும் ஜெர்மனிச் சரக்கு. துரிங்கியா வட்டாரத்தில் லௌஷா என்ற ஊர்தான் இந்தத் தொழிலின் தலைநகரம். அங்கே 1597-லேயே கண்ணாடிப் பட்டறை வந்துவிட்டது. ஆனால் கோலித் தொழில் சூடுபிடித்தது 1840-களின் பிற்பகுதியில், கோலிக் கத்தரி என்ற எளிமையான கருவி வந்த பிறகு. இடுக்கி மாதிரியான அந்தக் கருவியின் ஒரு முனையில் சின்னக் கிண்ணம் இருக்கும், எதிரே வெட்டும் அலகு.

வேலை நடந்த விதத்தைத் தெரிந்துகொண்டால் தழும்பு தானாகப் புரியும். பட்டறைக்காரர் இரும்புக் கம்பியின் நுனியில் உருகிய கண்ணாடியைச் சுற்றி எடுப்பார். அதன் மேல் நிறக் கண்ணாடிக் குச்சிகளை ஒட்டுவார். அதற்கு மேல் நிறமில்லாத கண்ணாடியை ஒரு போர்வையாக ஏற்றி, அதன் மீது மறுபடி சில கோடுகள் வைப்பார். பிறகு முறுக்கிக்கொண்டே நீளமாக இழுத்தால் ஒரு தண்டு கிடைக்கும். தண்டின் நுனியைக் கிண்ணத்தில் வைத்துத் திருப்பி உருண்டையாக்கி, அலகை அழுத்தினால் குண்டு துண்டாகி விழும். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. ஒரே தண்டிலிருந்து இப்படி ஒரு வரிசையே பிறக்கும்.

ஆகவே நடுத்தண்டிலிருந்து வந்த ஒவ்வொரு கோலிக்கும் எதிரெதிரே இரண்டு வெட்டுக்காயம். சேகரிப்பாளர்கள் இதைப் பான்டில் என்பார்கள். சில கோலிகளில் அது உடைந்த கண்ணாடி விளிம்பாகவே சொரசொரப்பாக நிற்கும், நகத்தால் தடவினால் தட்டும். சிலவற்றில் தேய்த்துத் தட்டையாக்கிய மங்கலான வட்டமாக இருக்கும். சிலவற்றில் வைரத்துக்குச் செய்வதுபோலச் சிறு சிறு முகங்களாகப் பட்டை தீட்டியிருப்பார்கள். நெருப்பில் காட்டி மழுப்பிவிட்டதும் உண்டு. உள்ளே ஓடும் கோடுகள் எல்லாம் இந்த இரு முனைகளில்தான் தொடங்கி முடியும். கோடுகள் ஒரு புள்ளியில் வந்து கூடுகின்றன, அந்தப் புள்ளியில் மேல்பரப்பு கரடாக இருக்கிறது என்றால் உங்கள் கையில் இருப்பது கையால் செய்த கோலி.

ஒரே ஒரு பான்டில் மட்டும் உள்ளவையும் உண்டு. கம்பியில் ஒவ்வொன்றாக எடுத்துச் செய்த குண்டுகள் ஒரு ரகம். தண்டின் முதல் துண்டு அல்லது கடைசித் துண்டு இன்னொரு ரகம். இந்த இரண்டாவது ரகத்தில் உள்ளே ஓடும் கோடுகள் மறுமுனையை எட்டாமல் பாதியிலேயே நின்றுவிடும். பார்க்கக் குறையாகத் தெரியும். ஆனால் தண்டுக்கு நுனி இரண்டுதானே, அதனால் இவற்றைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பான்டில் இருந்தால் கைவேலை என்று சொல்லலாம், பழையது என்று சொல்லிவிட முடியாது. இன்றைக்கும் கலைஞர்கள் கையால் கோலி செய்கிறார்கள், அவற்றிலும் தழும்பு இருக்கும். பழமைக்குத் தனியாகச் சான்று வேண்டும்: விளையாடித் தேய்ந்த மேல்பரப்பு, அந்தக் காலத்து வடிவமைப்பு, முழு உருண்டையாக இல்லாமல் லேசாகக் கோணியிருப்பது. பழைய கைக்கோலியைச் சமதளத்தில் உருட்டினால் பல நேரம் நேர்கோட்டில் போகாது.

உள்ளே என்ன ஓடுகிறது

கைக்கோலிகளில் அதிகம் கிடைப்பது ஸ்விர்ல் எனப்படும் சுருள் ரகம்தான். அதற்குள்ளேயே பிரிவுகள் பல. ஒரு முனையைக் கண்ணுக்கு நேரே வைத்து, மறுமுனைக்குப் பின்னால் வெளிச்சம் இருக்கும்படி உள்ளே பாருங்கள். நடுவில் ஒரு கரு தெரியும். மெல்லிய இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடி வலை பின்னியிருந்தால் அது லட்டிசினியோ. வலை பெரும்பாலும் வெள்ளை, அடுத்தபடியாக மஞ்சள். சிவப்போ நீலமோ பச்சையோ வலையாக வந்தால் அது எளிதில் கிடைக்காத குண்டு. கருவில் இடைவெளியே இல்லாமல் நிறம் அடைத்திருந்தால் திடக்கரு. தனித்தனிப் பட்டைகள் நடுவில் வெற்றிடம் விட்டுச் சுழன்றால் பிளந்த கரு. ஒரே ஒரு தட்டைப் பட்டை முறுக்கிக்கொண்டு போனால் நாடாக்கரு. கருவைச் சுற்றி, மேல்பரப்புக்குக் கொஞ்சம் கீழே, வெளிக்கோடுகள் தனி அடுக்காக ஓடும். புதிதாகப் பார்க்கிறவர்கள் இந்த வெளிக்கோடுகளில் மயங்கிக் கருவைக் கவனிக்காமல் விடுவார்கள். பெயர் வைப்பது கருவை வைத்துத்தான்.

வேறு சில ரகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெளிப்பரப்பு முழுவதும் இடைவெளியின்றிப் பல நிறக் கோடுகளால் மூடியிருந்தால் ஜோசப்ஸ் கோட். கறுப்புக் குண்டின் மேல் நிறப் பட்டைகள் இருந்தால் இந்தியன் ஸ்விர்ல். ஒளி புகாத பால் நிறக் குண்டில் சீரான இடைவெளியில் மெல்லிய கோடுகள் ஓடினால் கிளாம்பிராத். கோடு கோடாக இல்லாமல் பொட்டும் தீற்றலுமாக நிறம் நீண்டு படர்ந்திருந்தால் ஆனியன்ஸ்கின். சூடான குழம்பை நொறுக்கிய நிறக் கண்ணாடித் தூளில் உருட்டி எடுத்து, பிறகு இழுத்ததால் வந்த தோற்றம் அது.

மினுமினுப்பு இருந்தால் அது எந்த மினுமினுப்பு என்று பாருங்கள். வெள்ளியாகச் செதில் செதிலாக மின்னினால் அப்ரகம், அதாவது மைக்கா. பொன்னிறத் துகளாக, பட்டைக்குள் அடங்கி மின்னினால் லட்ஸ். அந்தத் துகள் தங்கம் இல்லை. கண்ணாடிக்குள்ளேயே படிகமான செம்பு. அமெரிக்காவில் சாண்ட்விச் ஊரில் வேலை செய்த நிக்கோலஸ் லட்ஸ் என்ற கண்ணாடிக் கலைஞரின் பெயரை இதற்கு வைத்துவிட்டார்கள். அவர் கோலி செய்தார் என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. லட்ஸ் ரகக் கோலிகளும் ஜெர்மனியில் செய்தவைதான்.

சல்ஃபைடு பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் ஏமாற்று வேலை அதிகம் நடப்பது அதில்தான். நிறமில்லாத பெரிய குண்டுக்குள் ஆடு, நாய், சிங்கம், பறவை, மனித உருவம் என்று ஏதாவது ஒன்று வெள்ளி பூசியது மாதிரி நிற்கும். உண்மையில் அந்த உருவம் வெள்ளை நிறக் களிமண் கலவையால் ஆனது. அதைச் சுற்றிக் கண்ணாடிக்கும் உருவத்துக்கும் நடுவே மெல்லிய காற்றுப் படலம் சிக்கிக்கொள்வதால்தான் வெள்ளியாகத் தெரிகிறது. வீட்டுப் பிராணிகள் சாதாரணம். மனிதர்கள் அதைவிட அரிது. ஒரே குண்டில் இரண்டு உருவம், நிறம் தீட்டிய உருவம், நிறக் கண்ணாடிக்குள் உருவம் ஆகியவை மிக அரிது. உருவம் நடுவில் நிற்கிறதா, தலை ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டதா என்பதும் மதிப்பைத் தீர்மானிக்கும். இவை பெரும்பாலும் 1 அங்குலத்துக்கு மேல் இருப்பதால் மோதி மோதி மேல்பரப்பு புண்ணாகியிருப்பது சகஜம். பழைய சல்ஃபைடு என்று சொல்லி ஒருவர் நீட்டும் குண்டு ஒரு கீறலும் இல்லாமல் தண்ணீராகத் தெளிந்திருந்தால், அது மெருகேற்றியதா அல்லது அண்மையில் செய்ததா என்ற சந்தேகம் உங்களுக்கு வந்தே ஆக வேண்டும்.

இயந்திரம் வந்த பிறகு

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஆக்ரன் நகரம். அங்கே 1880-களிலேயே மண் கோலிகளை ஆயிரக்கணக்கில் செய்துகொண்டிருந்தார்கள். அதே ஊரில் மார்ட்டின் ஃபிரெடெரிக் கிறிஸ்டென்சன் என்பவர் எஃகு பேரிங் குண்டுகளை உருட்டுவதில் தேர்ந்தவர். அந்த அறிவைக் கண்ணாடிக்குக் கொண்டுவந்து 1905-இல் கோலி உருட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பள்ளம் வெட்டிய சக்கரங்களுக்கு நடுவே சூடான கண்ணாடித் துண்டு விழுந்து, சுழன்று சுழன்று ஆறி, உருண்டையாக வெளியே வரும். தழும்பு உருளும்போதே மழுங்கிவிடும். இயந்திரக் கோலியில் பான்டில் இல்லாததற்கு இதுதான் காரணம்.

ஆனால் தொடக்கத்தில் பாதி வேலை கையில்தான் நடந்தது. குழம்பைக் கம்பியில் எடுத்துச் சொட்ட விடுவார் ஒருவர், கத்தரியால் நறுக்குவார் இன்னொருவர், அதற்குப் பிறகே இயந்திரம். கம்பியிலிருந்து குழம்பு சுழன்று வழியும்போது மேல் முனையில் நிறம் ஒரு சுழியாக, 9 என்ற எண்ணின் வடிவில் பதியும். நறுக்கிய பக்கத்தில் ஒரு சின்ன வெட்டுக்கோடு விழும். ஒரு நிறமும் வெள்ளையும் கலங்கிக் கிடக்கும் ஸ்லாக் கோலி ஒன்றை எடுத்து, ஒரு பக்கம் 9, நேர் எதிரே வெட்டுக்கோடு இரண்டையும் கண்டுபிடித்தால், அது எம்.எஃப். கிறிஸ்டென்சன் காலத்து வேலை என்று எண்ண இடமுண்டு. லென்ஸோடு உட்கார்ந்து இந்த 9-ஐத் தேடிப் பிடிப்பது நல்ல பயிற்சி. கிடைக்காத குண்டுகளில் தேடினால்கூடக் கண் பழகும்.

கிறிஸ்டென்சன் பெயரில் ஒரு குழப்பம் உண்டு. 1920-களின் நடுவில் தொடங்கிய கிறிஸ்டென்சன் அகேட் கம்பெனிக்கும் மேலே சொன்னவருக்கும் சம்பந்தம் கிடையாது. அந்தக் கம்பெனி சில வருடங்களே ஓடியது. ஆனால் அதன் கண்ணைப் பறிக்கும் நிறங்களும், தீப்பிழம்பாக மேலே நீளும் ஃபிளேம் ரகமும், நிறமுள்ள கண்ணாடியின் மேல் பல வண்ணப் பொட்டுத் தெளித்த கினி ரகமும் இன்றைக்கு அதிக விலை போகும் இயந்திரக் கோலிகளில் அடங்கும். இதனாலேயே கினி என்று சொல்லிப் போலிகளும் சந்தையில் சுற்றுகின்றன.

ஆக்ரனில் பிறந்த அக்ரோ அகேட் கம்பெனி 1914-இல் மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்குக்கு மாறியது. மலிவான எரிவாயுவும் நல்ல மணலும் அங்கே இருந்தன. முதல் உலகப் போரில் ஜெர்மனிச் சரக்கு வருவது நின்றதும் அமெரிக்கக் கம்பெனிகளுக்குச் சந்தை திறந்துவிட்டது. அக்ரோவின் முத்திரைச் சரக்கு கார்க்ஸ்க்ரூ, அதாவது திருகுக் கோலி. ஒரு நிறப் பட்டை ஒரு துருவத்தில் தொடங்கி, திருகாணி மரையாகச் சுற்றிக்கொண்டு மறு துருவத்தில் போய் முடியும். நடுவில் அறுபடாது, இன்னொரு பட்டையோடு கலக்காது. கைக்கோலியின் சுருளுக்கும் இதற்கும் குழப்பம் வந்தால் இரண்டைப் பாருங்கள்: முனையில் கரடு இருக்கிறதா, கோடுகளுக்கு மேலே தனியாகத் தெளிந்த போர்வை இருக்கிறதா. இரண்டும் இல்லாமல், பட்டை மேல்பரப்பிலேயே ஓடினால் திருகுக் கோலி. இதிலேயே நிறமற்ற கண்ணாடியும் வெள்ளைப் புகையிழைகளும் இரண்டு பளிச்சென்ற நிறங்களும் சேர்ந்து வந்தால் அதற்குப் பாப்பாய் என்று பெயர். பாப்பாய் என்ற கார்ட்டூன் மாலுமியின் படம் போட்ட பெட்டிகளில் விற்றதால் வந்த பெயர்.

இரண்டு பட்டைகள் முனையில் சந்திக்கும் இடத்தில் ஒரு மடிப்பு மாதிரி கோடு விழும். அதைத் தையல் என்று வைத்துக்கொள்வோம். இல்லினாய் மாநிலம் ஒட்டாவா நகரத்துப் பெல்டியர், பார்க்கர்ஸ்பர்க் நகரத்து விட்ரோ அகேட், 1949-இல் தொடங்கிய மார்பிள் கிங் ஆகியோரின் பட்டைக் கோலிகளில் எதிரெதிரே இரண்டு தையல்கள் தெரியும். தையலின் வடிவம், பட்டைகள் எத்தனை, நிறம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை வைத்து இவர்களைப் பிரிப்பார்கள். கடைசிச் சங்கதி கொஞ்சம் விளக்கம் கேட்கிறது. சிக்கனத்துக்காக விலை குறைந்த கண்ணாடியை உள்ளே வைத்து, நிறத்தை மேலே மெல்லிய தோலாக மட்டும் போர்த்தும் முறை பின்னாளில் வந்தது. சில்லு பெயர்ந்த ஒரு மார்பிள் கிங் குண்டைப் பார்த்தால் மேலே ஒரு நிறம், உடனே கீழே வேறு நிறம் என்று வெட்டுமுகம் தெளிவாகத் தெரியும். உடைந்த கோலிகளைத் தூக்கிப் போட வேண்டாம் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதற்காகத்தான். உள்ளே பார்க்க அவைதான் ஜன்னல்.

சேகரிப்பாளர்கள் வைத்த செல்லப் பெயர்கள் ஏராளம். மார்பிள் கிங்கின் மஞ்சள்-கறுப்புக்கு பம்பிள்பீ. பெல்டியரின் சிவப்பு-மஞ்சள்-நீலத்துக்கு சூப்பர்மேன். இவற்றில் பலவும் பின்னாளில் சேகரிப்பாளர்கள் சூட்டியவை என்பதால் பழைய பெட்டிகளில் அந்தப் பெயரைத் தேட வேண்டாம்.

ஆக்ஸ்பிளட் என்ற சொல்லைத்தான் அதிகம் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். சிவப்பாக எது இருந்தாலும் ஆக்ஸ்பிளட் என்று எழுதி விற்பது வழக்கமாகிவிட்டது. உண்மையான ஆக்ஸ்பிளட் செங்கல்லைவிட அடர்ந்த, துருவும் ரத்தமும் கலந்த சிவப்பு. செம்பு கலந்ததால் வருவது. லென்ஸில் பார்த்தால் சிவப்புக்குள் மெல்லிய கறுப்பு இழைகள் தெரியும். விளக்குக்கு எதிரே பிடித்தால் அந்தப் பட்டை வழியே வெளிச்சம் வராது. பளிச்சென்ற சிவப்பாக இருந்தாலோ, ஒளி ஊடுருவினாலோ அது வெறும் சிவப்பு.

பூனைக்கண்ணும் அதற்குப் பிறகும்

எந்தப் பழைய டப்பாவைத் திறந்தாலும் அதிகம் இருப்பது பூனைக்கண் கோலிதான். தெளிந்த குண்டுக்குள் இலை இலையாக நிறம் நிற்கும் ரகம். ஜப்பானில் தொடங்கி 1950-களின் ஆரம்பத்தில் அமெரிக்கச் சந்தையில் வெள்ளமாகப் பாய்ந்தது. அக்ரோ 1951-இல் மூடப்பட்டது. மற்ற கம்பெனிகள் தாங்களும் பூனைக்கண் செய்யக் கற்றுக்கொண்டன. பெல்டியர் செய்ததில் ஒரே ஒரு தடித்த இலை நடுவில் நிற்கும், அதனால் அதற்கு பனானா என்று பெயர். ஆக, பூனைக்கண் என்றாலே 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்தது என்று நம்பிக்கையாக எழுதிவைக்கலாம். தாத்தா காலத்துக் கோலி, 1900 வாக்கில் வந்தது என்று கதை சொல்லி ஒருவர் பூனைக்கண்ணை நீட்டினால் கதை நல்ல கதை, அவ்வளவுதான்.

இன்றைய சந்தையில் வலைப்பையில் கட்டி விற்கும் கோலிகளில் பெரும்பங்கு சீனாவிலிருந்தும், மெக்சிகோவின் குவாதலஹாரா நகரத்து வாகோர் கம்பெனியிலிருந்தும் வருகிறது. இவற்றில் பலவற்றுக்கு மேலே எண்ணெய் படர்ந்த தண்ணீரில் தெரிவது மாதிரி வானவில் பூச்சு இருக்கும். இயந்திரக் கோலியில் இந்தப் பூச்சைப் பார்த்தால் அண்மைக் காலச் சரக்கு என்று ஒதுக்கிவிடலாம். நெடுங்காலம் மண்ணில் புதைந்து கிடந்த கண்ணாடியிலும் வானவில் படலம் வரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஆனால் அது திட்டுத்திட்டாக இருக்கும், மேல்பரப்பும் அரித்து மங்கியிருக்கும்.

விளையாடுவதற்கென்றே செய்யாத கோலிகளும் உங்கள் பெட்டியில் கலந்திருக்கும். கண்ணாடியிழை தயாரிக்க மூலப்பொருளாக உருட்டிய குண்டுகள், ஸ்பிரே பெயின்ட் டப்பாவுக்குள் கலக்கிவிடப் போட்டவை, 1870-களில் ஹைரம் காட் வடிவமைத்த சோடா புட்டியின் கழுத்தை அடைத்தவை. எல்லாமே கோடோ பட்டையோ இல்லாத வெற்று நிறம், பெரும்பாலும் வெளிர் பச்சை அல்லது நிறமற்றது. பழையது என்று நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

புதியது என்றால் மதிப்பில்லை என்று நினைத்துவிடவும் கூடாது. 1962-இல் அமெரிக்காவின் டொலிடோ நகரத்தில் கண்ணாடிக் கலைஞர் ஹார்வி லிட்டில்டன் நடத்திய பயிலரங்குகளுக்குப் பிறகு தனிக் கலைஞர்கள் சின்ன உலைகளில் கண்ணாடி செய்யத் தொடங்கினார்கள். கோலியும் அந்த அலையில் கலைப்பொருளாகிவிட்டது. ஜாஷ் சிம்ப்சன் என்ற கலைஞர் செய்யும் கிரகக் குண்டுகளுக்குள் கடலும் தீவும் மேகமும் தெரியும். எரிவாயு டார்ச்சின் சுவாலையில், சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடியை உருக்கிச் செய்பவர்கள் குண்டுக்குள் பூவையோ ஆழமான சுழலையோ நிறுத்துகிறார்கள். இவர்கள் பெரும்பாலும் அடியில் பெயரையோ முதலெழுத்தையோ, சிலர் வருடத்தையும், பொறித்துவிடுவார்கள். என் கணிப்பில், புதிதாகச் சேகரிக்க வருகிறவருக்கு இது பத்திரமான வழி. யார் செய்தது என்பதில் சந்தேகமே வராது.

புற ஊதா டார்ச் பலரும் ஆசைப்பட்டு வாங்கும் கருவி. யுரேனியம் கலந்த கண்ணாடி அதில் பளீரென்று பச்சையாக ஒளிரும், பார்க்க அற்புதமாக இருக்கும். ஆனால் யுரேனியக் கண்ணாடியில் இன்றும் கோலி செய்கிறார்கள். மாங்கனீசு கலந்த கண்ணாடியும் மங்கலாகப் பச்சை காட்டும். ஒளிர்ந்தால் பழையது என்று எண்ணி வாங்குகிறவர்கள்தான் விற்பவர்களுக்குப் பிரியமானவர்கள்.

அளவும் காயமும்

சேகரிப்பாளர்கள் கோலியை அங்குலத்தின் 16-இல் ஒரு பங்கு வரை அளந்து எழுதுவார்கள். 5/8 அங்குலம், அதாவது சுமார் 16 மி.மீ., விளையாட்டுக் கோலியின் வழக்கமான அளவு. 1/2 அங்குலமும் அதற்குக் கீழும் பீவீ. 3/4 அங்குலத்திலிருந்து அடிப்பதற்கு வைத்துக்கொள்ளும் பெரிய குண்டு. பழைய இயந்திரங்கள் 1 அங்குலத்துக்கு மேல் உருட்டியது குறைவு என்பதால் அந்த அளவில் கிடைக்கும் பழைய இயந்திரக் கோலிக்குத் தனி மதிப்பு. கைக்கோலிகளோ 2 அங்குலத்தையும் தாண்டும்.

நிலையை 10-க்கு மதிப்பெண் போட்டுச் சொல்வது வழக்கம். 9-க்கு மேல் மின்ட் (புத்தம் புதுசு மாதிரி), 8-லிருந்து 9 வரை நியர் மின்ட், 7-லிருந்து 8 வரை குட், அதற்குக் கீழே கலெக்டபிள். இந்த எண் ஒவ்வொருவர் கண்ணுக்கும் கொஞ்சம் மாறும். விற்பவர் கண்ணுக்குக் கொஞ்சம் அதிகமாகவே மாறும்.

எண்ணைவிட முக்கியம், காயத்தையும் பிறவிக் குறையையும் பிரித்துப் பார்ப்பது. மோதியதால் மேல்பரப்புக்குக் கீழே பிறை வடிவில் வெள்ளையாகத் தெரிவது காயம். பெயர்ந்த சில்லு காயம். ஆனால் மேலே வெடித்துத் திறந்த காற்றுக் குமிழி, உருளும்போது சரியாக ஒட்டாமல் நின்ற மடிப்பு, ஆறும்போது உள்ளே விழுந்த விரிசல் ஆகியவை பிறக்கும்போதே வந்தவை. குமிழியின் விளிம்பை லென்ஸில் பாருங்கள்: உருகி வழுவழுப்பாக இருந்தால் பிறவி, கூராக இருந்தால் பின்னால் நடந்த விபத்து.

காயத்தை மறைக்க மெருகேற்றுவார்கள். மேல்தோலைச் சீவி மறுபடி பளபளப்பாக்குவது. முதலில் போவது பான்டில் தழும்பு, அடுத்து மேல்பரப்புக் கோடுகள். கைக்கோலி என்று தெரிகிறது, ஆனால் இரு முனையும் கண்ணாடியாக வழுக்குகிறது, கோடுகள் மேல்பரப்பில் அறுந்து நிற்கின்றன என்றால் சாணை பிடித்திருக்கிறார்கள். மெருகேற்றியதை மெருகேற்றியது என்று சொல்லி விற்றால் தப்பே இல்லை, விலை மட்டும் இறங்கும். இன்னொரு தந்திரம் எண்ணெய். லேசாக எண்ணெய் தடவினால் சின்னக் கீறல்கள் கண்ணுக்கு மறைந்துவிடும். எந்தக் கோலியையும் பார்க்குமுன் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுப் பாருங்கள். படத்தை மட்டும் வைத்து வாங்குவதாக இருந்தால் ஈரமில்லாமல் எடுத்த படம் கேளுங்கள்.

பெல்டியர் வெளியிட்ட சித்திரக் கோலிகளில், குண்டின் மேல் பெட்டி பூப் முதலான காமிக்ஸ் பாத்திரங்களின் முகம் அச்சாகியிருக்கும். அசலில் அந்த அச்சைச் சூட்டில் பதிய வைத்திருக்கிறார்கள், கண்ணாடியோடு ஒன்றிவிட்டது. நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வந்தால் அது போலி. பழைய பெட்டியும் பையும் கூடக் கோலிக்கு வயதுச் சான்று ஆகாது. பெட்டியைத் திறந்து வேறு கோலியை நிரப்ப ஒரு நிமிடம் போதும். பையின் வாயில் மடித்துக் குத்தும் பழைய அட்டையை மறுபடி அச்சடித்துப் புதிய பையில் கட்டியும் விற்கிறார்கள். ஆனால் பெட்டியும் உள்ளே உள்ளதும் அசல்தான் என்று உறுதியானால் பிரித்து வைக்காதீர்கள். பல நேரம் பெட்டிதான் உள்ளே இருக்கும் கோலிகளைவிட அரிது.

கழுவுவதும் வைப்பதும்

அறை வெப்பத்தில் உள்ள தண்ணீர், கொஞ்சம் மென்மையான சோப்பு, மெல்லிய துணி. இதற்கு மேல் எதுவும் வேண்டாம். வெந்நீரில் போட்டு உடனே குழாயடியில் காட்டினால் உள்ளே விரிசல் விடும். கோலியைச் சூடாக்கிக் குளிர்ந்த நீரில் போட்டு உள்ளே வெடிக்கவிட்டு அலங்காரப் பொருள் செய்கிறார்களே, அதே வேலைதான் தெரியாமல் உங்கள் நல்ல குண்டிலும் நடக்கும். ஒன்றோடொன்று மோதாமல் தனித்தனிக் குழியில் வையுங்கள். கண்ணாடி ஜாடியில் கொட்டி வைத்தால் பார்க்க அழகு, ஆனால் ஜாடியை ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் ஒரு பிறை விழும். பெரிய தெளிந்த குண்டுகளை வெயில் படும் ஜன்னலோரம் வைக்கவே கூடாது. வெயிலைக் குவித்துத் துணியையோ காகிதத்தையோ எரிய வைத்துவிடும்.

ஒவ்வொரு கோலிக்கும் ஒரு சின்னச் சீட்டு எழுதுங்கள்: அளவு, கையா இயந்திரமா, முனையில் என்ன இருந்தது, எங்கே எப்போது கிடைத்தது. கம்பெனிப் பெயருக்கு ஒரு கட்டம் விட்டு வையுங்கள். பாதிக்கு மேல் அந்தக் கட்டம் காலியாகவே கிடக்கும், அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. கம்பெனிகள் ஒன்றையொன்று பார்த்துச் செய்தன, ஆட்களும் இயந்திரங்களும் கம்பெனி மாறின, பழைய நிறக் கண்ணாடிகூடக் கைமாறியது. காலிக் கட்டத்தை ஊகத்தால் நிரப்பினால் அந்தக் குண்டை அடுத்து வாங்குகிறவர் உங்கள் ஊகத்தை உண்மை என்று நம்பிவிடுவார். பென்சிலில் எழுதிவையுங்கள்.